கேம்ப் என்று எழுதியிருந்தேன்

1

பேராசிரியர் என் கட்டுரையைத் திருப்பித் தந்தபோது அதில் ஒரேயொரு சொல்லைச் சுற்றித்தான் வட்டம் போட்டிருந்தார்.

நான் பயந்திருந்தது வேறு இடங்களுக்கு. மூன்றாவது படத்தில் எழுத்துகள் சிறிதாகிவிட்டனவோ என்று ஒரு கிழமை யோசித்தேன். உசாத்துணைப் பட்டியலில் ஒவ்வொரு சஞ்சிகையும் ஒவ்வொரு மாதிரி முற்றுப்புள்ளி கேட்கும். அதை மகளின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதுபோல, சரிதான் என்று தெரிந்த பிறகும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. ஆய்வுப் பிரதேசத்தை விவரிக்கும் பகுதியில் நான் எழுதியிருந்த 'கேம்ப்' என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார். இந்தக் கிணறுகளில் மக்கள் நீண்ட காலமாகத் தண்ணீர் அள்ளுவதாக அடுத்த பக்கத்தில் சொல்கிறீர்கள். கேம்ப் என்பது தற்காலிகமான ஒன்றல்லவா? வாசிப்பவர் எதை நம்புவது?

நாங்கள் இருப்பது ஜப்பானின் மேற்குக் கரையில் ஒரு சிறு நகரம். நான் புலமைப்பரிசிலில் வந்து, படிப்பு முடிந்து, அதே ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வேலை செய்கிறேன். என் கணவர் பாவித்த வாகனங்களைக் கப்பலேற்றும் ஒரு யார்டில் வேலை செய்கிறார். மகள் ஸைனப் பாலர் பாடசாலைக்குப் போகிறாள். கட்டுரை, நான் இலங்கையில் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் தொடங்கியது. புத்தளம் தில்லையடிப் பக்கத்துக் கிணறுகளின் உவர்ப்பைப் பற்றியது. நான் பிறந்து வளர்ந்த இடம் அது. சஞ்சிகை அடுத்த புதன்கிழமையோடு இந்தச் சிறப்பிதழுக்குக் கட்டுரை எடுப்பதை நிறுத்துகிறது. இதை அனுப்பினால்தான் என் வேலையை இன்னொரு வருடத்துக்கு நீட்டிக்கும்படி பேராசிரியர் கேட்க முடியும்.

ஒரு சொல்தானே, மாற்றிவிட்டு அனுப்பலாம் என்றுதான் கதிரையில் உட்கார்ந்தேன். அந்தச் சொல்லுக்குப் பதிலாக என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

2

எங்கள் வீட்டில் 'ஊர்' என்ற சொல் ஏற்கெனவே வேறொரு இடத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஊர் என்றால் மன்னார்ப் பக்கம். தொண்ணூறில், யுத்தத்துக்குள் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது, வாப்பாவும் உம்மாவும் உடுத்த உடுப்போடு விட்டுவிட்டு வந்த இடம். ஊர்த் தேங்காய், ஊர்ப் பள்ளி, ஊர்க் காத்து என்று வாப்பா சொல்லும்போதெல்லாம், நான் கண்ணால் காணாத ஒரு இடத்தைப் பற்றித்தான் சொல்வார். நான் பிறந்தது அதற்குப் பிறகு. ஆகவே நான் விளையாடிய ஒழுங்கை, ஓதிய மத்ரஸா, பெருநாளைக்குப் புது உடுப்போடு போன வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்களிடம் மிஞ்சியிருந்த சொல் கேம்ப் மட்டும்தான்.

அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. கிடுகு வீடுகள் கல் வீடுகளாகி, ஓட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண்காரர் வரத் தொடங்கி, பள்ளிக்கு மினாராவும் எழும்பிய பிறகும் அது கேம்ப்தான். டவுனுக்குப் போனால், "கெதியா கேம்புக்குப் போகோணும்" என்போம். கலியாணம் பேசி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கேம்ப்?" புத்தளத்தில் பரம்பரையாக இருந்த பிள்ளைகள் வகுப்பில் எங்களைக் 'கேம்ப் ஆக்கள்' என்பார்கள். சிலவேளை அது குத்தும். ஆனாலும் வீட்டு விலாசம் கேட்டால் நாங்களும் அதையேதான் சொன்னோம்.

வாடைக் காலத்தில் களப்புப் பக்கமிருந்து வரும் சேற்று வாசம், மழை விட்டதும் ஒழுங்கை முழுக்க வெள்ளை மணல் துலங்குவது, அஸர் தொழுகைக்குப் பிறகு பொடியன்மார் மட்டையும் பந்துமாக வேலி பாய்வது. இங்கே கடற்கரை ரயிலில் வேலைக்குப் போகும்போது எனக்கு நினைவு வருவது இதெல்லாம்தான். மனதுக்குள் அந்த இடத்தைக் கூப்பிடும்போது, என்னை அறியாமலே கேம்ப் என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஆங்கிலத்தில் எழுதும்போதும் அப்படியே வந்துவிட்டது. நான் எழுதியது ஒரு ஆங்கிலச் சொல் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அது எங்கள் சொல்லாகத்தான் இருந்தது.

3

இந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு குழப்பம் நடந்திருந்தது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கோடையில் ஸைனபின் பாலர் பாடசாலையில் பிள்ளைகளை மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போய் ஒரு இரவு தங்கவைப்பார்கள். அதற்கும் ஜப்பானியர் கேம்ப் என்ற சொல்லைத்தான், 'க்யாம்பு' என்று கொஞ்சம் நசித்துச் சொல்கிறார்கள். நான் இல்லாமல் எப்படித் தூங்குவாள், சாப்பாட்டில் எதைப் போடுவார்கள் என்று எனக்கு ஒரே யோசனை. ஆசிரியைக்கு இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோசம். உடுப்புப் பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று சொன்னேன்.

"உம்மாவும் கேம்ப்பிலதான் பிறந்து வளர்ந்த."

அவள் அப்படியே நின்றாள். "ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"கூடாரத்திலயா?"

"முதல்ல அப்படித்தான். மறுகா வீடு கட்டினாங்க."

"நெருப்பு மூட்டி, சுத்தி இருந்து பாட்டுப் படிச்சீங்களா?"

கரன்ட் இல்லாத நாட்களில் குப்பி விளக்கைச் சுற்றி இருந்து ஓதியது நினைவில் வந்தது. "அப்பிடித்தான் மகள்" என்றேன்.

மறுநாள் அவளை விடப் போனபோது ஆசிரியை இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, உங்கள் குழந்தைப் பருவம் முழுக்க இயற்கையோடு கேம்ப்பில் கழிந்ததாமே, எவ்வளவு கொடுத்துவைத்தவர் நீங்கள் என்றார். நான் குனிந்து நன்றி சொன்னேன். வேறு என்ன செய்வது? திருத்திச் சொல்ல என்னிடம் ஜப்பானியமும் காணாது, நேரமும் காணாது. பிள்ளையின் பையில் போர்வை வைத்தேனா என்பதுதான் அப்போது என் கவலை.

கணவரிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் கற்பிட்டிப் பக்கத்து ஆள். சொந்த ஊரில் பிறந்து அதை ஊர் என்று கூப்பிட்டே வளர்ந்தவர்.

4

வாப்பா தில்லையடியில் தென்னை வைக்கவில்லை.

எங்கள் வளவில் பப்பாசி நின்றது, மரவள்ளி நின்றது, வேலியோரம் முருங்கை நின்றது. ஒரு வருடத்துக்குள் காய்க்காத எதையும் வாப்பா நட மாட்டார். "தென்னை காய்க்கிறதுக்குள்ள நாங்க ஊருக்குப் போயிருவோம்" என்பார். கிணறும் அப்படித்தான். பக்கத்து வீடுகளில் கொங்கிறீட் வளையம் இறக்கி ஆழமாக வெட்டி மோட்டார் பூட்டினார்கள். வாப்பா அடி இல்லாத ஒரு தார்ப் பீப்பாவை மணலுக்குள் இறக்கி, அதோடு நிறுத்திக்கொண்டார். "போகப்போற எங்களுக்கு என்னத்துக்குக் கொங்கிறீட்?" அந்தப் பீப்பாக் கிணற்றில் வாளியால்தான் அள்ள வேண்டும். உம்மா அதற்காக அவரை ஏசாத நாளில்லை.

நான் மாதிரி எடுக்கப் போத்தல்களோடு வீடு வீடாகப் போனபோது ஆச்சரியமாக இருந்தது. ஆழமான, மோட்டார் பூட்டிய கிணறுகள் வருடம் போகப் போக உவர்த்துவிட்டிருந்தன. மணலுக்குள் நல்ல தண்ணீர் மெல்லியதாக மேலே மிதக்கிறது. அடியில் இருப்பது கடல் தண்ணீர். ஆழத்திலிருந்து வேகமாக உறிஞ்சினால் உப்பு மேலேறும். மேலால் வாளியில் அள்ளுகிறவர்களுக்குத்தான் நல்ல தண்ணீர் தங்கியிருந்தது. கட்டுரை சொல்வது இவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்ல வேண்டுமானால், மக்கள் அங்கே நீண்ட காலமாக இடைவிடாமல் இருந்து தண்ணீர் அள்ளினார்கள் என்பதை வாசிப்பவர் நம்ப வேண்டும். பேராசிரியரின் கேள்வி அந்த இடத்தில்தான் போய் விழுந்தது.

அவரே ஒரு சொல்லையும் பரிந்துரைத்திருந்தார். நிரந்தரக் குடியிருப்பு. ஆங்கிலத்தில் பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. என் விரல் போகவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு வாப்பா ஊரில் தன் காணியைப் பார்க்கப் போனார். காடு மூடியிருந்தது. எல்லைக் கல்லையும் காணவில்லை. மீளக் குடியேறப் பதிய ஒரு அலுவலகத்துக்குப் போனபோது அங்கே இருந்த ஒருவர், "நீங்க புத்தளத்தில நிரந்தரமா இருக்கிற ஆக்கள்தானே, இனி என்னத்துக்கு இங்க?" என்று கேட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தோடு கேட்டாரோ இல்லையோ தெரியாது. புத்தளத்தில் ஒரு அலுவலுக்குப் போனால், "நீங்க மன்னார் ஆக்கள்தானே" என்பார்கள். ஊர் அலுவலகத்துக்குப் போன அன்று வாப்பா வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் 'நிரந்தரம்' என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை. காணி விசயம் இன்றுவரை இழுபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அவர் இன்னும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்.

இப்போது அவருடைய மகளே, தன் பெயரைப் போட்டு, நிரந்தரம் என்று அச்சில் எழுதுவதா? நாளைக்கு யாராவது அதை எடுத்துக் காட்டி, உங்கள் மகளே எழுதியிருக்கிறாவே என்று சொன்னால்?

கணவர் சொன்னார்: "இத மொத்தமா நாலு பேர் வாசிப்பாங்க. அதில மூணு பேர் எழுதின ஆக்கள்."

"நாலாவது ஆள் ஆரெண்டு தெரியாதே" என்றேன்.

"நாலாவது நான். அதுவும் நீங்க சோறு தரமாட்டீங்க எண்ட பயத்தில."

5

சனிக்கிழமை முற்பகல் வீட்டுக்கு வீடியோ கோல் எடுத்தேன். புத்தளத்தில் அப்போதுதான் காலைப் பாண் வந்திருக்கும். நேரடியாகக் கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. முதலில் உம்மாவிடம் சுகம் விசாரித்து, மழையைப் பற்றிக் கதைத்து, கதையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனேன். உம்மா சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

"தேங்கா என்ன விலையாம் உம்மா?"

"நான் ஏன் காசு குடுக்கிற? குசினிக்குப் பின்னால நிக்கிறதுதானே காய்க்கிது."

எனக்கு விளங்கவில்லை. "பின்னால தென்னை நிக்கிதா?"

"நீங்க கம்பஸ் போன வருசம் நான் வெச்சது. உங்கட வாப்பாக்குச் சொல்லல்ல."

"அவர் காணல்லயா?"

"காணாம என்ன. அந்த மரத்தப் பாக்காத மாதிரி இருந்துக்கிட்டே அதுட இளநியக் குடிக்கிறாரு."

அடுத்த அறையிலிருந்து வாப்பா செருமியது கேட்டது. பிறகு அவரே தொலைபேசியை வாங்கினார். ஸலாம் சொல்லி முடிவதற்குள் ஸைனப் என் தோளில் ஏறி மூத்தவாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தான் கீறிய படத்தைக் காட்ட வேண்டுமாம். எடுத்து வரும்வரை காத்திருக்கச் சொல்லி, "சொத்தோ, சொத்தோ" என்று கையைக் காட்டிவிட்டு ஓடினாள்.

"என்ன புள்ள, சொத்துக் கேக்கிறாளா?" என்றார் வாப்பா. "காணி இன்னும் கைக்கு வரல்ல, வந்ததும் எழுதித் தாறனெண்டு சொல்லு."

கொஞ்சம் பொறுங்கள் என்பதற்குத்தான் இங்கே 'சொத்தோ' என்பார்கள் என்று விளக்கினேன். எதையாவது மறுக்க வேண்டுமென்றாலும் மறுக்கிறேன் என்று சொல்லாமல், 'சொத்தோ' என்று இழுத்துவிட்டு மீதியைச் சொல்லாமல் விடுவார்கள், மற்றவர் விளங்கிக்கொள்வார் என்றும் சொன்னேன்.

"அப்ப நம்மட காணிக் கந்தோர்க்காரர் எல்லாம் ஜப்பான்காரர்தான்" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் கேட்டேன். கேட்கும்போது என் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. கட்டுரை என்ன, சஞ்சிகை என்ன, பேராசிரியர் எந்தச் சொல்லை வட்டமிட்டார், எதை எழுதச் சொல்கிறார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நிரந்தரம் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

வாப்பா சிரிப்பை நிறுத்தினார். "அத வாசிக்கிறது ஆர்?"

"தண்ணியப் பத்திப் படிக்கிற ஆக்கள்."

"அவங்களுக்குக் காணி குடுக்கிற அதிகாரம் இரிக்கா?"

"இல்ல வாப்பா."

"காணிய எடுக்கிற அதிகாரம்?"

"அதுவும் இல்ல."

"அப்ப ஏன் பயப்பிடுறாய்?"

"நீங்க மனசு நோவீங்களெண்டு."

உம்மா தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்ததைக் கவனித்தேன்.

"நிரந்தரமானவன் அல்லாஹ் மட்டும்தான்" என்றார் வாப்பா. "அத உங்கட பேராசிரியருக்கு நீ சொல்லத் தேவல்ல. தொண்ணூறில இருந்து ஆக்கள் இந்தக் கிணறுகள்ல தண்ணி அள்ளுறாங்களா இல்லையா?"

"ஓம், அள்ளுறாங்க."

"அத எழுது. அதில பொய் இரிக்கா?"

"இல்ல."

"அள்ளுறவன் நிரந்தரமா தற்காலிகமா எண்டு தண்ணிக்கு என்னத்துக்கு?"

ஸைனப் படத்தோடு வந்துவிட்டாள். மலையும் நெருப்பும் ஒரு கூடாரமும். கூடார வாசலில் முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண். "இது உம்மா, கேம்ப்பில" என்று தமிழில் சொன்னாள். வாப்பா படத்தை நெடுநேரம் பார்த்தார். "கூடாரம் இவ்வளவு வடிவா இருக்கல்லயே புள்ள" என்று மட்டும் சொன்னார்.

வைப்பதற்கு முன் ஒரு விசயம் கேட்டார். "எண்ட பீப்பாக் கிணறும் அதில இரிக்கா?"

"இரிக்கு. நல்ல தண்ணிக் கிணறுகள்ல அதுவும் ஒண்டு."

"கேட்டாயா?" என்றார் வாப்பா. என்னிடம் இல்லை, உம்மாவிடம்.

6

அன்றே அந்த வசனத்தை எழுதினேன். கேம்ப் என்பதை எடுத்துவிட்டேன். நிரந்தரம் என்பதையும் போடவில்லை. தில்லையடியில் மக்கள் தொண்ணூறாம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் இந்தக் கிணறுகளில் நீர் அள்ளி வருகிறார்கள். இரண்டு பெயர்ச்சொற்கள் போய், ஒரு வினைச்சொல் மிஞ்சியது. பேராசிரியர் வாசித்துவிட்டு, இப்போது தெளிவாக இருக்கிறது என்றார். கிணறுகளின் குறியீடுகளை மட்டும் நான் மாற்றவில்லை. அட்டவணையில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் முன்னால் ஆங்கில 'சி' என்ற எழுத்து நிற்கிறது. அது எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தச் சொல்லை அழித்த பிறகு கொஞ்ச நேரம் மனசு வெறுமையாக இருந்தது உண்மை. பிறந்த இடத்துக்கு எனக்கென்று இருந்த ஒரே பெயர் அது. செய்தது சரிதானா என்று திங்கட்கிழமை வரைக்கும் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பேராசிரியரும் நானும் அவருடைய மேசையில் இருந்து கட்டுரையைச் சஞ்சிகையின் தளத்தில் ஏற்றினோம். முதற் பக்கத்தில் ஆசிரியர்களின் பெயர்கள். என் பெயருக்குக் கீழே, இந்த ஆய்வைத் தொடங்கிய காலத்தில் நான் இருந்த இலங்கைப் பல்கலைக்கழகம். பெயரின் மேலே ஒரு சின்ன நட்சத்திரம். பக்கத்தின் அடியில் அதே நட்சத்திரம், அதற்குப் பக்கத்தில் 'தற்போதைய முகவரி' என்று போட்டு, இந்த ஜப்பானிய நகரத்தின் விலாசம்.

பேராசிரியர் அந்த அடிக்குறிப்பில் விரலை வைத்தார். நல்ல மனிதர் அவர். என் பிள்ளைக்குச் சுகமில்லாத நாட்களில் தானே ஆய்வுகூடத்துக்கு வந்து என் கருவிகளை நிறுத்திவிட்டுப் போகிறவர்.

"இதை எடுத்துவிடலாம்" என்றார். "அடுத்த வருடமும் இங்கேதானே இருக்கப்போகிறீர்கள், அதற்குப் பிறகும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த விலாசத்தையே மேலே, பல்கலைக்கழகத்தோடு சேர்த்துப் போடுவோம். தற்போதைய என்று இருந்தால், போகிற வழியில் கொஞ்சம் தங்கியிருப்பவர் மாதிரித் தெரிகிறது."

அவர் சொன்னது சரி. சஞ்சிகையின் விதிப்படி இரண்டு மாதிரியும் போடலாம். மகளின் பாலர் பாடசாலை இங்கே. எங்கள் வாடகை வீடு இங்கே. என் சம்பளம் இங்கே. பல்கனியில் மிளகாயும் மல்லியும் கீரையும் வைத்திருக்கிறேன். கீழ்வீட்டு அம்மா ஒருமுறை முற்றத்தில் ஒரு மரக்கன்று வைக்கச் சொல்லி இடம் காட்டியபோது, நாங்கள் இங்கே கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொன்னது நினைவில் வந்தது. அதைச் சொல்லியே நாலைந்து வருடம் இருக்கும்.

பேராசிரியர் மவுஸை நட்சத்திரத்தின் மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சொத்தோ..." என்றேன். மீதியைச் சொல்லவில்லை.

அவர் தலையை அசைத்து, கையை எடுத்துக்கொண்டார். நட்சத்திரத்தோடு கட்டுரையை அனுப்பினோம்.